போன சீட்டு, வராத பதில்

ஜவுளிக்கடை மஞ்சப்பை ஒன்று. அதற்குள் ஒன்பது வருஷத்து ஆஸ்பத்திரிக் காகிதங்கள். பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் மீன் விற்கும் அக்கா ஒருவர் அதை என் முன்னால் கவிழ்த்தார். "படிச்சவரு நீங்க, இதுல இன்னா எழுதிக்கீதுன்னு பாருங்க சார்" என்றார்.

நான் போனது வேறு வேலையாக. ஏரியில் முறை வைத்து மீன் பிடிக்கும் பாடு வழக்கத்தைப் பற்றிக் குறிப்பெடுக்கப் போயிருந்தேன். காகிதங்கள் அந்த அக்காவின் தம்பியுடையவை. நாற்பதை நெருங்குகிறவர், ஏரியில் வலை வைப்பவர். அவருக்கு இருப்பது இருமுனை மனநோய் என்று மனநல மருத்துவர் ஒருவர் கண்டறிந்து லித்தியம் கொடுத்துவருகிறார். (ஊரும் ஆளும் ஆஸ்பத்திரியும் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

தரையில் தேதி வாரியாக அடுக்கியபோது ஒன்று கண்ணில் பட்டது. உள்ளூர் டாக்டர் மேல்சிகிச்சைக்கு அனுப்பிய சீட்டு நான்கு இருந்தது. மனநல மருத்துவரிடமிருந்து உள்ளூர் டாக்டருக்குத் திரும்பி வந்த சீட்டு ஒன்றுகூட இல்லை.

இன்னொரு காகிதமும் இருந்தது. தோள்பட்டை வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி, அதே மருந்தில் ஐந்து நாள் மாத்திரை. எழுதியவர் வேறொரு டாக்டர். அந்த வாரத்தைப் பற்றி அக்கா சொன்னது: வாந்தி, பேதி, கை நடுக்கம், நடந்தால் தள்ளாட்டம். "பழைய வியாதி திரும்பிடுச்சின்னு நெனச்சோம். மாத்திரைய விடாம குடுத்துனே இருந்தேன்."

லித்தியம் நல்ல மருந்து. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு ஒரு குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். கூடினால் நஞ்சு. டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் அந்த அளவை ஏற்றிவிடும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் என்லாபிரிலும் சில நீர்ப்போக்கு மாத்திரைகளும் ஏற்றும். வெயிலில் நாளெல்லாம் படகில் இருந்து உடம்பில் தண்ணீர் வற்றினாலும் ஏறும். அந்த வாரம் நடந்தது அதுதானா என்று நான் சொல்ல முடியாது, நான் டாக்டர் இல்லை. ஆனால் சொல்லக்கூடிய ஒருவர் முன்னால் அந்த இரண்டு காகிதமும் சேர்ந்து போகவே இல்லை. வலிக்கு எழுதியவருக்கு லித்தியம் தெரியாது. லித்தியம் எழுதியவருக்குத் தோள்வலி தெரியாது. இரண்டையும் தெரிந்த ஒரே ஆள் அக்கா. அவருக்கு இரண்டும் வெறும் மாத்திரை.

இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைப் பற்றியது. தனிப்பட்ட டாக்டர் யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. நம் பொது மனநல சேவை எப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றிய விமர்சனம் இது.

கணக்கில் இவர் எங்கே?

மனநல சேவை என்று பேச்செடுத்தால் முதலில் வருவது ஆள் பற்றாக்குறை. உண்மைதான். இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்பது 2019-ல் வெளியான ஒரு கணக்கு. அடுத்து வருவது சிகிச்சை இடைவெளி. பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருக்கிறார்கள். மூன்றாவதாக வருவது களங்கம்: வெளியே தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள், பைத்தியம் என்பார்கள்.

மூன்றும் சரி. ஆனால் அக்காவின் தம்பி இந்த மூன்றுக்குள்ளும் வரவில்லை. அவருக்கு மனநல மருத்துவர் கிடைத்தார், நோய் கண்டறியப்பட்டது, மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கிறது. வீட்டில் யாரும் மறைக்கவில்லை. எந்தக் கணக்கெடுப்பிலும் அவர் "சிகிச்சை பெறுபவர்" பட்டியலில்தான் விழுவார். நம் அளவுகோலுக்கு அவர் ஒரு வெற்றி. மஞ்சப்பையைத் திறந்து பார்த்தால்தான் அது எப்படிப்பட்ட வெற்றி என்று தெரிகிறது.

நகலில் விட்டுப்போனது

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். மனநல சிகிச்சையைப் பெரிய ஆஸ்பத்திரிச் சுவருக்கு வெளியே கொண்டுவரும் முயற்சி இந்தியாவில் 1975 வாக்கில் தொடங்கியது. ஹரியானாவின் ராய்ப்பூர் ராணியில் சண்டிகர் மருத்துவர்களும், பெங்களூரை அடுத்த சகலவாராவில் நிம்ஹான்ஸும் அதைச் செய்தார்கள். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கும் களப்பணியாளருக்கும் பயிற்சி கொடுத்தால் பெரும்பாலான நோயாளிகளை அங்கேயே பார்க்க முடியும் என்பது அவர்கள் காட்டியது. 1982-ல் தேசிய மனநலத் திட்டம் வந்தது. 1985 முதல் 1990 வரை கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டம் முழுக்க இதை நடத்திப் பார்த்தார்கள். அந்த மாதிரியை வைத்து 1996-ல் நான்கு மாவட்டங்களில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டிலிருந்து முதலில் சேர்ந்தது திருச்சிராப்பள்ளி.

பெல்லாரியில் பயிற்சி, மருந்து ஆகியவற்றோடு எளிய பதிவேடும் மாதாந்திர அறிக்கையும் மேற்பார்வையும் இருந்தன. பிறகு நாடு முழுக்க நகலெடுத்தபோது என்ன ஆனது? ஒரு கோடிங் அனுபவம் சொல்கிறேன். பழைய மென்பொருள் ஒன்றைப் புதுச் சர்வருக்கு மாற்றும்போது எண்ணக்கூடிய கோப்புகள் எல்லாம் பத்திரமாக வந்துவிடும். அதைத் தினமும் காலையில் ஒருவர் எட்டிப் பார்த்துச் சரிசெய்துகொண்டிருந்தார் என்ற விஷயம் எந்தக் கோப்பிலும் இருக்காது. மூன்றாவது வாரம் எல்லாம் நின்ற பிறகுதான் அப்படி ஒரு ஆள் இருந்ததே தெரியும்.

மாவட்டத் திட்டத்திலும் எண்ணக்கூடியவை வந்தன. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர், செவிலியர் ஆகிய பணியிடங்கள், மருந்துப் பட்டியல், பயிற்சி நாட்கள், தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாளில் போகும் குழு. இதெல்லாம் சின்ன விஷயமில்லை. இந்தத் திட்டம் இல்லையென்றால் அக்காவின் தம்பிக்கு மருந்தே கிடைத்திருக்காது. ஆனால் "இந்த ஆள் இந்த மாதம் வரவில்லையே, ஏன்?" என்று கேட்பது யாருடைய வேலை? உள்ளூர் டாக்டர், "மேலே அனுப்பிவிட்டோம், அங்கே பார்ப்பார்கள்" என்பார். மேலே இருப்பவர், "அவருடைய ஊரில் டாக்டர் இருக்கிறாரே" என்பார். இரண்டும் நியாயமான பதில்தான். இரண்டும் சேர்ந்தால் பார்க்க ஆளில்லை.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தன் 18-வது பிரிவில் மனநல சேவையை எல்லா நிலைப் பொது மருத்துவ சேவையோடும் ஒருங்கிணைக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் ஒரே கட்டடத்தில் இரண்டு அறை போட்டாலும் "ஒருங்கிணைப்பு" என்று சொல்லிக்கொள்ளலாம். அறைக்கு அறை செய்தி போகிறதா என்பதுதான் கேள்வி.

அம்புக்குறி எந்தப் பக்கம் போகிறது?

உலக சுகாதார நிறுவனம் மனநல நிபுணர் அல்லாத மருத்துவப் பணியாளர்களுக்காக 2010-ல் ஒரு கையேடு வெளியிட்டது. 2016-ல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. மென்பொருள்காரனுக்கு அதைப் படிப்பது ஒரு தனி சுகம். முழுக்கப் பாய்வு வரைபடம். மனச்சோர்வு, மனச்சிதைவு, வலிப்பு, குடி, தற்கொலை என்று ஒவ்வொன்றுக்கும் கேள்வி, ஆம், இல்லை, அடுத்த படி. பல பெட்டிகளில் நிபுணரைக் கலந்தாலோசிக்கச் சொல்லும் குறியீடு. தொடர்ந்து கவனிப்பதற்கும் ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு பகுதி உண்டு.

உள்ளடக்கத்தில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் பார்ப்பது அம்புக்குறிகளை மட்டும். நிபுணரை நோக்கி அம்பு போகிறது. அந்தப் பக்கத்திலிருந்து என்ன திரும்பி வர வேண்டும், எத்தனை நாளில், யார் கைக்கு? அது இந்தக் கையேட்டின் வேலையில்லை, ஏனென்றால் இது ஒரு முனைக்கான கையேடு. இதே ஒரு முனைப் பார்வைதான் நம் பயிற்சிகளிலும் இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு எப்போது அனுப்ப வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறோம். அனுப்பியவருக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று மறுமுனையில் இருப்பவருக்குச் சொல்லிக் கொடுக்கிறோமா?

பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை என்று ஒன்று இருந்தது ஞாபகம் இருக்கிறதா? கடிதம் போய்ச் சேர்ந்ததும் வாங்கினவர் கையெழுத்தோடு நமக்குத் திரும்பி வரும். வரவில்லையென்றால் ஏதோ தப்பு என்று தெரிந்துவிடும். கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதும் அடிப்படையில் இப்படித்தான். கிடைத்தது என்று பதில் வராவிட்டால் அனுப்பிய பக்கம் மறுபடி அனுப்பும். நம் நோயாளிச் சீட்டோ சாதாரணத் தபால். அதிலும் தபால்காரரே நோயாளியின் அக்கா.

அந்தத் தபால்காரரின் பாதையையும் பாருங்கள். பழவேற்காடு இருப்பது திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டம். பொன்னேரி வரை பஸ். பொன்னேரியில் மின்சார ரயில் உண்டு, ஆனால் அது கும்மிடிப்பூண்டி தடம். மாவட்டத் தலைநகர் திருவள்ளூர் இருப்பது அரக்கோணம் தடம். ரயிலில் போவதென்றால் பேசின் பிரிட்ஜ் வரை தெற்கே இறங்கி, வண்டி மாறி, மேற்கே போக வேண்டும். அதாவது சொந்த மாவட்டத் தலைநகருக்குச் சென்னை வழியாக. இல்லையென்றால் பஸ் மாறி மாறி அரை நாள். பல குடும்பங்கள் நேராகச் சென்னைக்கே போய்விடுவதில் ஆச்சரியம் இல்லை. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. இருக்கம் தீவு மாதிரி தமிழ் பேசும் ஊர்கள் அந்தப் பக்கம் உண்டு. அவர்களுக்கு மாவட்டம் திருப்பதி, மாநிலமே வேறு. ஏரி ஒன்றுதான், ஆஸ்பத்திரிக் காகிதம் போகும் திசை மூன்று.

இதோடு தொழிலின் நேரம். நீரோட்டமும் முறையும் பார்த்து வலைக்குப் போகிறவருக்கு மாதத்தின் இரண்டாவது செவ்வாய் என்பது ஒரு தேதியே இல்லை. அந்த நாளில் பாடு இருந்தால் பாட்டுக்குத்தான் போவார். முகாம் பதிவேட்டில் அது "வரவில்லை" என்று விழும். பிறகு "ஒத்துழைக்காத நோயாளி" என்று பெயர் வரும்.

வேலை செய்த இடங்கள்

இதற்கு விடை இல்லாமலில்லை. 2002-ல் அமெரிக்காவில் 'இம்பாக்ட்' என்ற ஆய்வின் முடிவு வெளியானது. 60 வயது தாண்டிய, மனச்சோர்வுள்ள 1801 பேர், 18 பொது மருத்துவ கிளினிக்குகள். ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிப் பேருக்கு அதே டாக்டரோடு கூடுதலாக ஒரு பராமரிப்பு மேலாளர், அதாவது ஒரு செவிலியரோ உளவியலாளரோ. அவர் கையில் ஒரு பட்டியல், வாரம் ஒருமுறை மனநல மருத்துவரோடு அந்தப் பட்டியலைப் பற்றிய பேச்சு. 12 மாதம் கழித்து, அறிகுறி பாதியாகக் குறைந்தவர்கள் இந்தப் பக்கம் 45 சதவீதம், வழக்கமான பக்கம் 19 சதவீதம்.

அமெரிக்கா வேறு, நாம் வேறு என்பீர்கள். கோவாவில் 2010-ல் முடிவு வந்த 'மானஸ்' ஆய்வில், மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்கு ஆலோசகர் பயிற்சி கொடுத்து கிளினிக்கில் உட்கார வைத்தார்கள். மனநல மருத்துவர் அவ்வப்போது வந்து பார்த்தார். அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறு மாதத்தில் தேறியவர்கள் 65.9 சதவீதம், ஒப்பீட்டு நிலையங்களில் 42.5. தனியார் கிளினிக்குகளில் அப்படி வித்தியாசம் தெரியவில்லை. என் ஊகம்: குடும்ப டாக்டர் ஏற்கெனவே அந்த ஆளைத் தெரிந்து வைத்திருப்பார். அரசு ஓ.பி.யில் அந்த இடம் காலி, அதனால் அங்கே ஒரு ஆளைப் போட்டால் பலன் தெரிகிறது.

இன்னும் பக்கத்தில் வரலாம். 2014-ல் வெளியான 'கோப்சி' ஆய்வு மனச்சிதைவு உள்ளவர்களைப் பற்றியது. கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா, தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் என்று மூன்று இடம், மொத்தம் 282 பேர். மூன்றில் இரண்டு பங்கு நோயாளிகளுக்கு டாக்டர் சிகிச்சையோடு, வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் சமூகப் பணியாளரும் சேர்ந்தார். மொத்தப் பலன் மிதமானதுதான் என்று ஆய்வே சொல்கிறது. ஆனால் பலன் தெளிவாகத் தெரிந்த இடம் காஞ்சிபுரத்துக் கிராமப்புறம், 'ஸ்கார்ஃப்' அமைப்பு வேலை செய்த பகுதி. திருவள்ளூருக்கு அடுத்த மாவட்டம்!

2020-ல் வந்த 'இண்டிபெண்டன்ட்' ஆய்வு சென்னை உள்பட நான்கு நகரங்களின் நீரிழிவு கிளினிக்குகளில், நீரிழிவும் மனச்சோர்வும் சேர்ந்து இருக்கும் 404 பேரை எடுத்துக்கொண்டது. ஒருங்கிணைப்பாளர் ஒருவர், மருந்து முடிவுக்கு உதவும் மென்பொருள், நிபுணர்களின் கூட்டு ஆலோசனை. மனச்சோர்வு அறிகுறி பாதியாகி, கூடவே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ கொழுப்போ குறிப்பிட்ட அளவு இறங்கியவர்கள் 24 மாதத்தில் 71.6 சதவீதம். வழக்கமான சிகிச்சையில் 57.4.

இந்த நான்கையும் அடுக்கி வைத்தால் நோய் வேறு, ஊர் வேறு, பணியாளரின் படிப்பு வேறு. எல்லாவற்றிலும் திரும்ப வருவது இதுதான்: ஒரு நோயாளிக்கு ஒரு பெயர் சொல்லும் ஆள், அவர் பார்க்கும் ஒரு பட்டியல், அவர் சந்தேகம் கேட்க மேலே ஒரு நிபுணர்.

என் பங்குக்கு ஒரு தப்பு

மஞ்சப்பையைப் பார்த்த அன்று இரவே ஒரு செயலிக்குப் படம் போட ஆரம்பித்தேன். சீட்டைப் போட்டோ எடுத்து ஏற்றலாம், மருந்து மோதல் வந்தால் எச்சரிக்கை காட்டலாம். என் தொழில் புத்தி அப்படி. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது: எச்சரிக்கை யார் திரையில் வரும்? ஒரு நாளைக்கு நூற்றுக்கு மேல் நோயாளி பார்க்கும் டாக்டரின் திரையிலா? எச்சரிக்கையை மூடிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவார். அவர் இடத்தில் நானும் அதைத்தான் செய்வேன்.

14416 என்ற டெலி மனஸ் எண் 2022 அக்டோபர் 10-ம் தேதி தொடங்கியது. நள்ளிரவில் தவிப்பவருக்கு அது பெரிய உதவி. ஆனால் அதுவும் நோயாளி கூப்பிட்டால் எடுக்கும் அமைப்பு. மாத்திரையை விட்டுவிட்டு, எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்கிறவர் கூப்பிட மாட்டார். யார் கூப்பிடவில்லை என்று கவனிக்கும் வேலையை எந்த எண்ணும் செய்யாது.

'இண்டிபெண்டன்ட்' ஆய்வில் மென்பொருள் இருந்தது உண்மை. ஆனால் அதைத் திறந்து பார்ப்பதே ஒருவருடைய வேலையாக இருந்தது.

பாடு

நான் முதலில் எதற்காகப் போனேனோ அதற்கே வருகிறேன். பழவேற்காட்டில் இறாலுக்கு வலை கட்டும் நல்ல இடங்கள் கொஞ்சம், ஆட்கள் அதிகம். அதனால் பாடு உரிமை உள்ள ஊர்களில் எந்த நாள் எந்த இடம் யாருக்கு என்று முறை உண்டு. அதுதான் பாடு. இன்றைக்கு யார் பாடு என்று உரிமையுள்ள எல்லாருக்கும் தெரியும். கம்ப்யூட்டர் வேண்டாம். அந்த நாள் அந்த ஆளுக்குப் பிழைப்பு என்பதால் பட்டியல் மறக்காது.

மனநல சேவைக்கு வேண்டியது ஏறக்குறைய இதுதான். இன்றைக்கு யார் முறை, வந்தாரா, வரவில்லையென்றால் யார் போய்ப் பார்ப்பது?

ஆனால் பாடு முறையைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்தால் அது அரைகுறை. பட்டியலில் பெயர் உள்ளவருக்குத்தான் பாடு. வழிவழியாக உரிமையுள்ள குடும்பங்களின் ஆண்களுக்கு. ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கு அதில் இடமில்லை. மீன் கூடை தூக்கும் அக்காவுக்கும் இல்லை. எந்தப் பதிவேட்டுக்கும் இது பொருந்தும். பட்டியலில் இருப்பவர் வராததுதான் தெரியும், பட்டியலிலேயே இல்லாதவர் கடைசி வரை தெரிய மாட்டார். ஆகவே பட்டியலை முகாமுக்கு வந்தவர்களை வைத்து மட்டும் தொடங்கினால், தூக்கமில்லை, உடம்பெல்லாம் வலி என்று ஓ.பி.யில் வலி மாத்திரை வாங்கிப் போகும் பெண்கள் அதில் வரவே மாட்டார்கள்.

என்ன கேட்கலாம்?

தமிழ்நாட்டில் இதற்கு அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பிசியோதெரபியும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும்கூட. தன்னார்வலர் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது, மாதம் ஒருமுறை கதவைத் தட்டுகிறார். நமக்கு வேண்டிய உருவம் இதேதான். ஆனால் தொடங்கியபோது மனநலம் அதன் மையத்தில் இல்லை. இத்தனைக்கும் ஓலன்சபின் மாதிரி சில மனநல மருந்துகள் எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியவை. இரண்டு திட்டமும் போய் நிற்பது ஒரே உடம்பில்.

நான் கேட்பது மூன்று. முதலாவது, அனுப்பும் சீட்டின் கீழ்ப்பாதி பதிலுக்கு. நோய் என்ன, மருந்தும் அளவும் என்ன, எதைச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது, அடுத்த ரத்தப் பரிசோதனை எப்போது என்று நாலு வரி. இரண்டாவது, ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஒரு செவிலியர் பெயரில் ஒரு நோட்டுப் புத்தகம். மூன்றாவது, வாரம் ஒருமுறை மாவட்ட மனநலக் குழுவோடு அரை மணி நேர போன். எல்லா நோயாளியைப் பற்றியும் பேச வேண்டியதில்லை. வராதவர்கள், மோசமானவர்கள், புது மருந்து சேர்ந்தவர்கள் பற்றிப் பேசினால் போதும்.

இதற்கு வரும் மறுப்புகள் எனக்குத் தெரியும். செவிலியர் ஏற்கெனவே பத்துப் பதிவேடு எழுதுகிறார், பதினொன்றாவதா? நியாயம். ஆய்வுகளிலும் இந்த வேலைக்கென்றே ஆளை வைத்தார்கள், சும்மா தலையில் கட்டவில்லை. பணியிடம் தராமல் நோட்டை மட்டும் கொடுத்தால் அது நிரப்பி மூடி வைக்கும் பதினொன்றாவது நோட்டாகத்தான் ஆகும்.

இதைவிடக் கனமான மறுப்பை அக்காவே சொன்னார். "வீட்டுக்கு வந்து மாத்திர குடுத்தா தெருவே பாக்கும் சார்." சர்க்கரை மாத்திரையை வாசலில் வைத்து வாங்கலாம், இதை முடியாது. வருகிற தன்னார்வலரும் பக்கத்துத் தெருக்காரர்தான். சின்னக் குப்பத்தில் ரகசியம் என்பது பெரிய சொத்து. இதற்கு என்னிடம் முழு விடை இல்லை. எல்லா மாத்திரையும் ஒரே பையில் வந்தால் எது என்று வெளியே தெரியாது என்பது ஒரு வழி. யார் வர வேண்டும், எங்கே பார்க்க வேண்டும் என்று நோயாளியிடமே கேட்பது இன்னொரு வழி. கேட்காமல் செய்தால் கவனிப்பு வேவாக மாறிவிடும்.

அதுவரை நம் கையில் இருப்பது சிறியதுதான். வீட்டில் யாராவது மனநல மருந்து எடுத்தால், அந்த டாக்டரிடம் "எங்க ஊர் டாக்டருக்கு நாலு வரி எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். வேறு எந்த வியாதிக்குப் போனாலும், வெறும் தலைவலிக்குப் போனாலும், அந்தச் சீட்டை முதலில் காட்டுங்கள். லித்தியம் எடுப்பவராக இருந்தால் கடையில் வலி மாத்திரை வாங்குவதற்கு முன் கேளுங்கள். வாந்தியும் நடுக்கமும் சேர்ந்து வந்தால் "பழைய வியாதி" என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அக்காவின் மஞ்சப்பையில் இப்போது ஒரு அட்டை இருக்கிறது. அடுத்த முறை போனபோது அந்த மனநல மருத்துவரிடம் கேட்டிருக்கிறார். அவர் மறுக்கவே இல்லை, "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லம்மா" என்று சொல்லி இரண்டு நிமிஷத்தில் எழுதிக் கொடுத்துவிட்டாராம். ஒன்பது வருஷத்தில் எழுதப்படாதது இரண்டு நிமிஷ வேலை. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்கா மட்டும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நான் ஒரு நாள் படுத்துட்டா இத்த யாரு சார் எடுத்துனு போவாங்க?"